ஓடும்போதே அணையும் வாஷிங் மெஷின்: பட்டறை பதில்கள்

இந்த இதழுக்கு எல்லாமே வாஷிங் மெஷின் கடிதங்கள்தான். அதிலும் ஒரே புகார்: நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, பொசுக்கென்று அணைந்துவிட்டது, கொஞ்ச நேரத்தில் மறுபடி உயிர் வந்துவிட்டது. ஒரே புகார் என்றாலும் ஒரே நோய் இல்லை. அதனால் கடிதங்களைச் சுருக்கி, தனித்தனியாகவே பதில் சொல்கிறேன்.

கேள்வி (மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி): அண்ணா, எங்களுடையது ஏழு கிலோ ஃபிரன்ட் லோடு மெஷின். வைகாசியில் வீடு மாறினோம். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து தொல்லை. குழந்தை துணியை 60 டிகிரியில் போட்டால் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் டிஸ்ப்ளே அணைந்துவிடுகிறது. பவர் பொத்தானை அமுக்கினாலும் வராது. பிளக்கைப் பிடுங்கி, சமையல் வேலையைப் பார்த்துவிட்டு வந்து செருகினால் வருகிறது. 40 டிகிரியில் தகராறே இல்லை. வீட்டில் லைட், ஃபேன் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், எம்.சி.பி.யும் (கரண்ட் அளவு மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்) விழுவதில்லை. சர்வீஸ் ஆள் வந்து பார்த்துவிட்டு, "போர்டு போச்சு, 8,500 ஆகும்" என்கிறார் (மெஷினை இயக்கும் கன்ட்ரோல் போர்டு). மாற்றலாமா? (பால்கனியில் சின்ன பிளக் பாயின்ட்தான் இருக்கிறது. கன்வெர்ஷன் பிளக் போட்டுக் கொடுத்திருக்கிறோம்.)

பதில்: மாற்றாதீர்கள், தங்கச்சி. கடிதத்தின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம்.

ஃபிரன்ட் லோடு மெஷினில் தண்ணீரைச் சூடாக்க ஒரு ஹீட்டர் உண்டு. பொதுவாக 2,000 வாட் அளவில் இருக்கும். 230 வோல்டில் அது ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். உங்கள் பால்கனியில் இருக்கும் சின்ன பாயின்ட் 6 ஆம்பியருக்குச் செய்தது. துணியைப் புரட்டும்போது மோட்டார் இழுப்பது இதில் கால்பங்குகூட இருக்காது. அதனால் ஹீட்டர் ஓடாத நேரத்தில் அந்தச் சின்ன சாக்கெட் சமாளித்துவிடும்.

40 டிகிரியில் ஏன் அணைவதில்லை என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். டிரம்மில் 15 லிட்டர் தண்ணீர், குழாயில் வரும்போது 28 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அதை 40க்குக் கொண்டுபோக ஹீட்டர் ஆறு நிமிஷம் ஓடினால் போதும். 60க்குப் போக பதினேழு நிமிஷம் ஆகும். நீங்கள் அணைகிறது என்று எழுதியிருக்கும் பத்து, பதினைந்து நிமிஷம் அதற்குள் வருகிறது. போர்டு கோளாறு என்றால் அது 40, 60 என்று ஆள் பார்த்துச் சண்டை போடாது.

சாக்கெட்டுக்குள் நடப்பது இதுதான். பிளக்கின் பின்னைக் கவ்விப் பிடிப்பதற்கு உள்ளே பித்தளைத் தகடு ஒன்று இருக்கிறது. அளவுக்கு மீறிக் கரண்ட் போகும்போது அது சூடாகிறது. சூடாகச் சூடாகப் பிடிமானம் தளர்கிறது. பிடி தளர்ந்த இடத்தில் இன்னும் சூடு. ஒரு கட்டத்தில் தொடர்பே விட்டுப்போய் மெஷின் அணைகிறது. அப்புறம் ஆறுகிறது. நீங்கள் பிடுங்கிச் செருகும்போது பின் வேறு இடத்தில் உராய்ந்து உட்காருகிறது. மெஷினுக்கு உயிர் வருகிறது. உங்கள் வீட்டில் இப்படிப்பட்ட இடம் ஒன்றல்ல, இரண்டு: கன்வெர்ஷன் பிளக்குக்குள் ஒன்று, சுவர் சாக்கெட்டுக்குள் இன்னொன்று.

எம்.சி.பி. ஏன் விழவில்லை? வயரில் எவ்வளவு கரண்ட் போகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 9 ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை. இருபது அடி தள்ளிப் பால்கனியில் ஒரு பித்தளைத் தகடு கருகிக்கொண்டிருப்பது அதற்கு எப்படித் தெரியும்? "எம்.சி.பி. இருக்கிறதே, ஏதாவது என்றால் அதுவே விழுந்துவிடும்" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். தீப்பிடிக்கிற வீடுகளில் பலவற்றில் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

இன்று செய்ய வேண்டியது: மறுபடி 60 டிகிரியில் போட்டு, அணைந்ததும் முதலில் சுவர் ஸ்விட்சை ஆஃப் செய்யுங்கள். பிளக்கின் பிளாஸ்டிக் முதுகை மட்டும் தொட்டுப் பாருங்கள்; பின்னைத் தொட வேண்டாம், தோல் வெந்துவிடும். வெளியே எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால், மூன்று பின்களில் ஒன்று மட்டும் நீலம் பூத்து, அடியில் கறுத்திருக்கும். சாக்கெட்டில் அதே ஓட்டையைச் சுற்றி டீ கறை நிறத்தில் ஒரு வளையம். மோந்து பார்த்தால் கெட்டுப்போன மீன் வாடை வரும். சைவ வீடுகளில் இந்த வாடைக்காக ஜன்னலுக்கு வெளியே பூனை மேல் பழி போட்டுக்கொண்டிருப்பார்கள். பழைய சாக்கெட்டின் பிளாஸ்டிக் வேகும்போது வருகிற வாடை அது. அடுப்பில் மீன் இல்லாத வீட்டில் மீன் வாடை வந்தால் முதலில் சுவிட்ச் போர்டுகளை ஒவ்வொன்றாக மோந்து பாருங்கள்.

என் பட்டறை மேஜை இழுப்பறையில் பிஸ்கட் டப்பா ஒன்று இருக்கிறது. கழற்றிய கருகல் சாக்கெட்டுகளை அதில் போட்டு வைத்திருக்கிறேன். "போர்டு போச்சு" என்று சொல்லி மெஷினைத் தூக்கிக்கொண்டு வருபவர்களுக்கு முதலில் டப்பாவைத்தான் திறந்து காட்டுவேன். ஒரு சாக்கெட்டில் பித்தளைத் தகடு வளைந்து, ஸ்பிரிங் செத்து, ஈயப் பேப்பர் மாதிரி விரலால் மடக்கலாம்.

சரி, வைத்தியம். சின்ன சாக்கெட்டைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பெரிய 16 ஆம்பியர் சாக்கெட்டை மாட்டிவிட்டால் போதும் என்று எலக்ட்ரீஷியன் சொல்வார். போதாது. அந்தப் பாயின்ட்டுக்கு வருவது லைட் வயராக இருக்கும். ஒன்று, ஒன்றரை ஸ்கொயர் எம்.எம். முகத்தை மாற்றினால் சூடு சுவருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். எம்.சி.பி.கள் இருக்கும் டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸிலிருந்து 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர் தனியாக இழுத்து, அதற்கென்று ஒரு எம்.சி.பி. போட்டு, 16 ஆம்பியர் சாக்கெட் வைக்க வேண்டும். எர்த் வயரையும் கூடவே இழுக்கச் சொல்லுங்கள். பழைய சின்ன பாயின்ட்டுகளில் பல நேரம் மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டைதான். மெஷின் பிளக்கின் பின் கறுத்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். மேல்பூச்சு போய்விட்டது, திரும்பவும் கருகும். பிளக்கை வெட்டி, வயரில் செம்பு பளபளவென்று தெரியும் இடம்வரை சீவி, நல்ல 16 ஆம்பியர் பிளக் போடச் சொல்லுங்கள். வாரண்டி இருந்தால் வெட்டுவதற்கு முன்னால் கம்பெனியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாடகை வீடு என்பதால் ஹவுஸ் ஓனர் முகத்தைச் சுளிப்பார். கருகிய சாக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசுங்கள். அவர் வீடு அல்லவா எரியப் போகிறது! அதுவரை 60 டிகிரியை மறந்துவிட்டுப் பச்சைத் தண்ணீரில் மட்டும் துவையுங்கள். ஹீட்டர் எழாமல் இருக்க வேண்டும், அதுதான் விஷயம்.

சர்வீஸ் ஆளை நான் குறை சொல்லவில்லை. கால் மணி நேரத்தில் பச்சைத் தண்ணீர் புரோகிராமில் ஓட்டிப் பார்த்திருப்பார், கோளாறு வந்திருக்காது. அப்படிப்பட்ட நேரத்தில் "போர்டு" என்பதுதான் சுலபமான பதில். இனி யார் வந்தாலும் ஒன்று கேளுங்கள்: "ஹீட்டர் ஓடும்போது மெஷின் டெர்மினலில் வோல்டேஜ் எவ்வளவு?" சும்மா இருக்கும்போது 228 காட்டி, ஹீட்டர் எழுந்ததும் இரண்டு மூன்று வோல்ட் இறங்கினால் வழியில் குறையில்லை. பத்து, பதினைந்து இறங்கினால் எங்கோ லூஸ். மீட்டர் எடுக்காமலேயே போர்டு என்று சொல்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி (பரமக்குடியிலிருந்து ஒரு வாசகர்): மெஷினைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்க இருட்டாகிவிடுகிறது. ஆர்.சி.சி.பி. விழுகிறது. தூக்கிவிட்டால் மறுபடி விழுகிறது. போர்வெல் தண்ணீர், கொஞ்சம் உப்பு. "ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேரடியாக லைன் கொடுத்துவிடலாம், எல்லா வீட்டிலும் அப்படித்தான்" என்கிறார் எலக்ட்ரீஷியன்.

பதில்: அந்த எலக்ட்ரீஷியனுக்கு டீ வாங்கிக் கொடுத்து வாசலோடு அனுப்பிவிடுங்கள், சார்.

ஆர்.சி.சி.பி. வேலை கல்லாவில் உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளை வேலை. ஃபேஸ் வழியாகப் போன கரண்ட் அத்தனையும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வந்ததா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் சட்டென்று கதவைச் சாத்திவிடும். குறைகிற கரண்ட் வேறு வழியில் மண்ணுக்குப் போகிறது; அந்த வழி நாளைக்கு ஈரக் கையோடு மெஷினைத் தொடுகிற உங்கள் வீட்டு ஆளாகவும் இருக்கலாம். அதைத் தாண்டி லைன் கொடுப்பது என்றால் கணக்குப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கல்லாவையும் திறந்து வைப்பதுதான்.

உப்புத் தண்ணீர் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் சந்தேகம் ஹீட்டர். இப்படி உப்புக் கலந்த கடினத் தண்ணீரைச் சூடாக்கினால் கம்பியின் மேல் சுண்ணாம்பு படியும். அது தடிக்கத் தடிக்க உள்ளே இருக்கிற சூடு தண்ணீருக்குப் போகாமல் கம்பியையே வேக வைக்கும். கடைசியில் வெளிக்குழாயில் மயிரிழை விரிசல். குழாய்க்குள் வெள்ளைப் பொடி ஒன்று அடைத்திருப்பார்கள், மெக்னீசியம் ஆக்சைடு. அது ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறியதும் உள்கம்பியிலிருந்து கரண்ட் கசிய ஆரம்பிக்கும்.

மெக்கானிக் வந்து சாதாரண மல்டிமீட்டரை வைத்து "ஹீட்டர் நல்லாத்தானே இருக்கு" என்பார். இரண்டு முனைக்கும் நடுவில் 26 ஓம் அளவில் காட்டும். 2,000 வாட் ஹீட்டருக்கு அது சரியான கணக்குத்தான். ஆனால் நாம் தேடுவது அதை இல்லை. முனைக்கும் வெளிக்குழாய்க்கும் நடுவில் பார்க்க வேண்டும், அதையும் 500 வோல்ட் மெக்கரில் (கசிவைச் சோதிக்கும் மீட்டர்) பார்க்க வேண்டும். மல்டிமீட்டரின் பேட்டரி வோல்டேஜுக்குச் சின்னக் கசிவு அகப்படாது. மெக்கரில் ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் ஹீட்டரை மாற்றிவிடுங்கள். போர்டு விலையோடு பார்த்தால் ஹீட்டர் மலிவு.

பச்சைத் தண்ணீரில் போட்டாலும் விழுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. விழுந்தாலும் ஹீட்டர் தப்பித்தது என்று நினைத்துவிடாதீர்கள். பல மெஷின்களில் ஹீட்டரை ஆன், ஆஃப் செய்யும் ரிலே ஒரு பக்கத்தை மட்டும்தான் துண்டிக்கும். இன்னொரு பக்கம் எப்போதும் லைனில்தான் இருக்கும். ஹீட்டரின் இரண்டு வயரையும் மெக்கானிக் கழற்றி, முனைகளை டேப் சுற்றி ஓட்டிப் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

ஹீட்டரைக் கழற்றிய பிறகும் விழுந்தால், வீட்டில் அந்த ஒரே ஆர்.சி.சி.பி.யின் கீழ் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். கம்ப்யூட்டர், இன்வெர்ட்டர் ஏ.சி., டி.வி. எல்லாவற்றிலும் லைனில் வரும் மின் இரைச்சலை வடிக்க ஒரு நாய்ஸ் ஃபில்டர் இருக்கிறது. ஒவ்வொன்றும் சட்டப்படியே துளித்துளியாக எர்த்துக்குக் கசிய விடும். 30 என்று எழுதியிருந்தாலும் 15க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் ஆர்.சி.சி.பி. விழலாம், அது கோளாறு இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அப்போது மெஷினுக்குத் தனி ஆர்.சி.சி.பி. போடுவது நியாயமான வழி.

புது ஹீட்டர் போட்டபின் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, துணி போடாமல், மளிகைக்கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு நூறு கிராம் டிரம்மில் போட்டு 60 டிகிரியில் ஓட்டுங்கள். பிளீச்சிங் பவுடரை அதோடு சேர்த்துப் போட்டுவிடாதீர்கள், விஷ வாயு வரும்.

கேள்வி (மன்னார்குடி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி): டாப் லோடு மெஷின். சாயங்காலம் போட்டால் திடீர் திடீரென்று அணைந்து, மறுபடி முதலிலிருந்து தண்ணீர் பிடிக்க ஆரம்பிக்கிறது. லைட்டும் மங்குகிறது. ஸ்டெபிலைசர் வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகலாம், அம்மா. ஆனால் கடைக்குப் போவதற்கு முன் ஒரு வேலை. லைட் மங்கும்போது அடுத்த வீட்டுத் திண்ணையில் இருப்பவர்களைக் குரல் கொடுத்துக் கேளுங்கள். அவர்கள் வீட்டிலும் மங்கினால் லைனில் வோல்டேஜ் இறங்குகிறது. எங்கோ பம்புசெட் மோட்டார் எழும்போது ஒரு கணம் இறங்கினாலும் போதும், போர்டு தன் கணக்கை மறந்துவிடும். இதற்கு ஸ்டெபிலைசர் உதவும். எத்தனை வோல்ட் வரை இறங்கினாலும் தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். உங்களுடையதில் ஹீட்டர் இல்லை என்றால் சின்னதே போதும். இருந்தால் பெரியது வேண்டும். கடைக்காரரிடம் மெஷினின் பின்புறம் ஒட்டியிருக்கும் வாட் எண்ணைச் சொல்லி வாங்குங்கள்.

உங்கள் வீட்டில் மட்டும் மங்கினால் ஸ்டெபிலைசர் வீண் செலவு. கம்பத்திலிருந்து வருகிற சர்வீஸ் வயர், மீட்டர், கட்-அவுட் (ஃபியூஸ்), இந்த மூன்றில் ஏதோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது. நீங்களோ ஊர் எலக்ட்ரீஷியனோ அதில் கை வைக்கக் கூடாது, மின்வாரிய ஆள்தான் வர வேண்டும். 2021லிருந்து மின்னகம் என்று 24 மணி நேரமும் புகார் எடுக்கிறார்கள்: 94987 94987.

ஒரு விஷயத்தைத் தள்ளிப்போட வேண்டாம். மூன்று ஃபேஸ் வீடாக இருந்து, ஒரு அறையில் லைட் மங்கும்போது இன்னொரு அறையில் வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்தால், நியூட்ரல் விட்டுப்போகிறது. சில பாயின்ட்டுகளில் 300 வோல்டுக்கு மேல் போய்விடும். மெஷின், டி.வி., ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே நேரத்தில் போகும். மெயினை இறக்கிவிட்டுத்தான் போனை எடுக்க வேண்டும்.

கேள்வி (கோவையிலிருந்து ஒரு வாசகர்): துவைக்கும்போது ஒன்றும் இல்லை. பிழியும்போது மட்டும், வேகம் ஏறியதும் அணைகிறது. மெஷின் மேல் கையால் தட்டினால் வருகிறது.

பதில்: தட்டினால் வருகிறது என்றால் உள்ளே ஏதோ ஒரு வயர் இணைப்பு லூஸ். மெயின் வயர் மெஷினுக்குள் நுழையும் இடத்து டெர்மினல், நாய்ஸ் ஃபில்டருக்குப் போகும் கிளிப்புகள், போர்டில் செருகும் கனெக்டர்; இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். எலி கடித்த வயராகவும் இருக்கலாம். டாப் லோடு மெஷின்களில் அடிப்பக்கம் திறந்திருந்தால், மழைக்காலத்தில் எலிக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. அடியில் மாட்டும் தகடு தனியாக விற்கிறார்கள், மாட்டிவிடுங்கள்.

லூஸைச் சரி செய்வதோடு, ஆடுவதையும் நிறுத்த வேண்டும். மெஷின் மேல் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிய அகலமான தட்டு ஒன்றை வையுங்கள். எந்தப் பக்கம் வழிகிறதோ அந்தப் பக்கக் காலை உயர்த்துங்கள். சரியானதும் காலின் லாக் நட்டை மறக்காமல் இறுக்குங்கள். புது மெஷின் என்றால் பின்பக்கம் டிரான்சிட் போல்ட் (வண்டியில் வரும்போது டிரம் ஆடாமல் இருக்கப் போடுவது) கழற்றியிருக்கிறார்களா என்றும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி (வேலூரிலிருந்து ஒரு வாசகி): துவைத்து முடித்த கொஞ்ச நேரத்தில் மெஷின் தானாகவே அணைந்துவிடுகிறது. பயமாக இருக்கிறது.

பதில்: துணி துவைந்திருக்கிறதா? பிழிந்திருக்கிறதா? அப்படியானால் அது வேலை முடிந்ததும் தானாக அணையும்படி செய்யப்பட்ட மெஷின். பாதியில் நிறுத்தி வைத்துவிட்டு ரொம்ப நேரம் தொடாமல் விட்டாலும் சில மெஷின்கள் இதேபோல அணையும். கையேட்டில் இருக்கும். பயப்படாமல் துணியைக் காயப் போடுங்கள்.

கேள்வி (காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர்): பழைய வீடு. மெஷின் அவ்வப்போது அணைகிறது, அது ஒரு பக்கம். மேல்மூடியைத் தொட்டால் லேசாகக் கிள்ளுகிறது. டெஸ்டர் வைத்தால் எரிகிறது. மெஷினில் கரண்ட் இறங்கிவிட்டதா?

பதில்: அணைவதை விடுங்கள், கிள்ளுவதை முதலில் கவனியுங்கள். வீட்டில் எர்த் இல்லை, அல்லது எர்த் செத்துவிட்டது. மெஷினின் ஃபில்டரில் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்கு ஒவ்வொரு சின்ன கண்டென்சர் போகும். எர்த் இருந்தால் அந்தத் துளிக் கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பாடியில் பாதி வோல்டேஜ், அதாவது 115 அளவில் நிற்கும். உங்களைக் கிள்ளுவதும் டெஸ்டரை எரிய வைப்பதும் அதுவாகத்தான் இருக்கும். கரண்ட் அளவு ரொம்பக் குறைவு என்பதால் கிள்ளலோடு போகிறது. ஆனால் நாளைக்கு உண்மையிலேயே ஒரு வயர் பாடியைத் தொட்டால், அதையும் மண்ணுக்கு அனுப்ப வழி இல்லை. இரண்டில் எது என்று டெஸ்டர் பிரித்துச் சொல்லாது.

ஆகவே மெஷின் பிளக்கை இப்போதே பிடுங்கிவிடுங்கள். எலக்ட்ரீஷியனை வரவழைத்து, சாக்கெட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டர் வைக்காமல் 100 வாட் குண்டு பல்பு போட்ட டெஸ்ட் லேம்ப்பை வைக்கச் சொல்லுங்கள், ஆர்.சி.சி.பி. இருந்தால் அது விழும், விழுந்தால் ஏதோ ஓர் எர்த் வழி இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், அது நல்ல எர்த்தா என்பது அதில் தெரியாது. ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் பல்பு முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும். மங்கலாக எரிந்தாலோ, எரியவே இல்லை என்றாலோ எர்த் குழியைத் தோண்டிப் பார்க்கும் வேலை இருக்கிறது. பழைய செட்டிநாட்டு வீடுகளில் குழி எங்கே என்று தெரியாமல் மேலே சிமெண்ட் தளம் போட்டிருப்பார்கள். தேடிக்கொண்டிருக்காமல் கொல்லைப்புறத்தில் புதிதாக ஒன்று போட்டு, ஆர்.சி.சி.பி.யும் மாட்டிவிடுங்கள். அந்த வேலை நடக்கும்போதே சாக்கெட்டையும் கழற்றிப் பார்க்கச் சொன்னால், மெஷின் ஏன் அணைகிறது என்பதும் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.